சூடு பார்க்கும் விரல்கள்

மின் சிகரெட் பேட்டரிக்கு விலை குறைந்த, ஆனால் தீப்பிடிக்காத சார்ஜர் வேண்டும் என்றாள் எழிலரசி. பழையது வெடித்ததில் அவள் கணவனின் காது கருகியிருந்தது. கடைக்காரர் செல்வின் வழக்கம்போல ஒரு சார்ஜரில் பேட்டரியைப் போட்டுவைத்து, கால் மணி நேரம் கழித்து அதைக் கையில் எடுத்து இறுகப் பிடித்தார்.

"இதையே கொண்டு போம்மா. விலையும் கம்மி, துளி சூடு இல்ல. பத்து வருசமா இந்த விரல்தான் எனக்கு மிஷினு."

"எங்க, நானும் பாக்குறேண்ணே" என்று தொட்டவள் அலறிக் கையை உதறினாள். "ஐயோ, கீழ போடுங்கண்ணே!"

செல்வின் சிரித்தபடியே குனிந்து பார்த்தார். பேட்டரியைப் பிடித்திருந்த விரல்கள் கொப்பளித்துக்கொண்டிருந்தன.

"வலிக்கலியேம்மா" என்றார். அவர் பார்வை வாசலைத் தாண்டி, அவர் தொட்டுப் பார்த்து விற்ற சார்ஜர்கள் இருக்கும் ஊரின் அத்தனை வீடுகள்மேலும் போனது.

"எப்பலேருந்து வலிக்கல?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.