ஆறு பெட்டிகளுக்கும் கறுப்புத் துணி

“இந்த வீட்டுத் தேனீங்க அப்பவே ஓடிப்போச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் வந்த வேலை முடிஞ்சுடும்.”

கதவைத் திறந்த பெரிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்பதைத் தாண்டிய கிழவர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பெயர் வில்ஃப் டிரான்டர். லண்டனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறாராம். ஆளைப் பார்த்தால் விழுந்துவிடுவார் போலிருந்தது. பெரில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

அதே சமையலறை. அதே கல் தரை. வில்ஃப் சுற்றிலும் பார்த்தார்.

பெரில் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்; வில்ஃப் இங்கிருந்து போனபோது அவள் சின்னப் பிள்ளை, அவரை நினைவில்லை. இந்த வீட்டுக்காரர் ஆமோஸ் கெரிட்ஜ் இறந்த பிறகு அவள் அப்பா இதை வாங்கினார். அதைக் கேட்டதும் வில்ஃபுக்குத் தெம்பு வந்தது. கேட்க வேண்டிய ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது வில்ஃபுக்கு ஐந்து வயது. லண்டனில் குண்டு விழும் என்று பிள்ளைகளையெல்லாம் கழுத்தில் பெயர்ச்சீட்டைக் கட்டி ரயிலேற்றி அனுப்பினார்கள். இந்த ஊர் சர்ச் மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்த பிள்ளையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். சளி ஒழுக நின்ற வில்ஃப்தான் கடைசியில் மிஞ்சியவன். எஸ்தர் கெரிட்ஜ் வந்து கையைப் பிடித்தாள். அவள் புருஷன் ஆமோஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் யாரிடமும் பேசியதில்லை, தேனீக்களைத் தவிர.

மூன்றாவது குளிர்காலத்தில் எஸ்தர் காய்ச்சலில் போய்விட்டாள். மறுநாள் காலை ஆமோஸ் வாசல் சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஆறு தேனீப் பெட்டிகளுக்கும் கறுப்புத் துணி கட்டினார். ஒவ்வொரு பெட்டியையும் சாவியால் மூன்று முறை தட்டி, “எஸ்தர் போயிட்டா. நீங்களும் போயிடாதீங்க” என்றார். அந்த ஊர் வழக்கப்படி, வீட்டில் ஒருவர் போய்விட்டால் வாசல் சாவியால் தட்டித் தேனீக்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும்.

பக்கத்தில் நின்ற வில்ஃப் கேட்டான்: “நான் செத்துப்போனா எனக்கும் இப்படிச் சொல்லுவீங்களா?”

“இது இந்த வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்டா.”

அந்தச் சொல் எழுபது வருஷமாக முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. வில்ஃப் பெரிலிடம் மேலும் சொன்னார்.

“அப்புறம் மூணு வருஷம் நாங்க ரெண்டு பேரும்தான். எனக்கு மேல்சட்டை தைச்சுக் குடுத்தார். மூஞ்சைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லல. போர் முடிஞ்சு நான் ஊருக்குப் போற அன்னிக்கு வழியனுப்பக்கூட வரல. தோட்டத்துல வேலை இருக்குன்னுட்டார்.”

வில்ஃப் கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். சாண் நீள இரும்புச் சாவி, துருவேறிக் கிடந்தது.

“கிளம்புறப்ப வாசல் சாவி ஆணியில தொங்குச்சு. எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். சாவி இல்லேன்னா தேனீங்ககிட்ட எதையுமே சொல்ல முடியாதில்ல? அதுங்களும் இவரை விட்டுட்டுப் போகட்டும், யாருமில்லாம இருக்கிறது எப்படின்னு தெரியட்டும்னு நினைச்சேன். பதினோரு வயசுப் புத்தி. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர எனக்கு முகமில்ல.”

பெரில் சாவியைக் கையிலெடுத்துப் பார்த்தாள். இது தொலைந்த பிறகு கெரிட்ஜ் பூட்டை மாற்றவேயில்லை என்றாள். சாகிற வரை கதவைச் சும்மா சாத்தித்தான் வைத்திருந்தாராம். திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் அப்பா கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையாம்.

“தேனீங்க?”

“எங்கயும் போகல. அவர் சாகிற வரைக்கும் ஆறு பெட்டியும் நிறைஞ்சுதான் இருந்துச்சு.”

வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. நல்லவேளை, தன்னால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. சாவியை இங்கேயே விட்டுவிட்டு, கல்லறையில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு மாலை வண்டியைப் பிடித்துவிடலாம். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பெரில் மட்டும் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதனாலதான் வெறுங்கையால தட்டினாரா?”

“யாரு?”

“கெரிட்ஜ்தான். அப்ப எனக்கு ஏழு வயசு. வேலிச் சந்து வழியாப் பார்த்தேன். ஆறு பெட்டிக்கும் கறுப்புத் துணி கட்டியிருந்தார். விரல் முட்டி பிய்ஞ்சு ரத்தம் வர்ற மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டி என்னமோ சொல்லிக்கிட்டிருந்தார். எங்க அம்மா பயந்துபோய் ஊரெல்லாம் விசாரிச்சாங்க. யாரும் சாகல. எஸ்தர் போனதுல மனுஷனுக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.”

வில்ஃப் தொப்பியை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

“அது எப்போ?”

பெரில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“லண்டன் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு சர்ச் வாசல்லேருந்து பஸ் கிளம்பிச்சே, அந்தக் காலையில.”