வெள்ளைச் சேறு

"சொன்னது சொன்னதுதான். இந்தச் சக்கரம் பெல்ஜியக்காரனுக்கு," என்றார் லோரியானோ.

"பெத்த மகன் இதே இடத்துல பஞ்சராகி நின்னா?" மனைவி ஃபோஸ்கா விடவில்லை.

"நின்னாலும்."

"நீயெல்லாம் ஒரு அப்பன்!"

சைக்கிள் பந்தயம் முடியும் சியெனா நகருக்கு முப்பது கிலோமீட்டர் முன்னால், வெள்ளைச் சரளைப் பாதை ஏற்றத்தில் ஒரு வளைவு. காலையிலிருந்து மழை. அந்தக் குறுகிய பாதையில் அணிகளின் கார்கள் வேகமாக வர முடியாது. அதனால் வளைவுக்கு வளைவு சக்கரத்தோடு ஆள் நிறுத்துவார்கள். லோரியானோ முப்பது வருடமாக சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். பெல்ஜியக்காரனின் அணி மேலாளர் கஸ்தோனே பழைய நண்பன். மதுக்கடையில் கைகொடுத்துக் கேட்டான், இவரும் கைகொடுத்துவிட்டார்.

மகன் தூச்சோ வேறு அணி. வயது முப்பத்திமூன்று. இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. முந்தின நாள் போனில் சொன்னான்: "பாப்போ, நாளைக்கு ஜெயிக்கலைன்னா உன் பட்டறையில எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வை."

அந்தப் பக்கத்தில் தாடி நரைத்த மகன்கள்கூட அப்பாவை 'பாப்போ' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பக்கத்து வீட்டு புரூனேரோ ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தான். "ரெண்டே பேர் தனியா வர்றாங்க! நம்ம தூச்சோவும் அந்த பெல்ஜியக்காரனும்!"

வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைச் சேறு. சட்டையின் நிறம் இல்லை, எண் இல்லை, முகம் இல்லை. மாவில் புரட்டிய இரண்டு மீன்கள்.

வளைவில் ஒருவன் கையைத் தூக்கினான். பின்சக்கரத்தில் காற்று இல்லை. மற்றவன் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனான்.

லோரியானோ பாய்ந்தார். பழைய சக்கரத்தைக் கழற்றி, புதியதை மாட்டி, அவனைத் தள்ளிக்கொண்டே இருபது அடி ஓடினார். காதருகே ஏதோ சொன்னார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பத்து நிமிடத்தில் ரேடியோ சொன்னது: சக்கரம் மாற்றிய பெல்ஜியக்காரர் யோரிஸ், தூச்சோவை எட்டிப் பிடித்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அதே ரேடியோ சொன்னது: சியெனாவில் யோரிஸ் வெற்றி. தூச்சோ அரைச் சக்கர வித்தியாசத்தில் இரண்டாவது.

லோரியானோ கழற்றிய சக்கரத்தின் சேற்றைத் துடைத்தார். ஃபோஸ்கா வாயைத் திறந்தாள்.

"பத்து செகண்ட்! பட்டறையில ஒரு டியூப் ஒட்ட ரெண்டு நாள் எடுப்ப. நட்டு சிக்கிக்கிச்சுன்னு சொல்லக்கூடாதா? குதிரைப் பந்தயத்துல எதிர்ப் பேட்டைக் குதிரைக்குப் புல்லு போட்டவனைக்கூட சியெனாவுல மன்னிப்பாங்க!"

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர், இரண்டு தட்டு. தூச்சோ தலை நிமிராமல் சூப் குடித்தான். லோரியானோவின் முன்னால் வெறும் மேஜை.

கதவு தட்டப்பட்டது. கஸ்தோனே. கூடவே குளித்துச் சிவந்த முகத்தோடு யோரிஸ்.

"அண்ணே, டிவியில உங்க பேச்சுதான். பெத்த மகனை விட்டுட்டு வாக்கைக் காப்பாத்தினவர்னு சொல்றாங்க. இவன் நன்றி சொல்லியே ஆகணும்னு நின்னான்."

"அதெல்லாம் வேண்டாம். கிளம்புங்க," என்றார் லோரியானோ அவசரமாக.

"அடக்கத்தைப் பாரு!" கஸ்தோனே சிரித்தான். "இவனுக்கு ஒரு சந்தேகமாம். தள்ளிவிடும்போது காதுல ஏதோ சொன்னீங்களாமே? நம்ம பாஷை இவனுக்குத் தெரியாது. ஆனா அதையேதான் மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டு ஏறினானாம். டேய், என்ன அது? சொல்லு."

யோரிஸ் கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிச் சொன்னான்.

"போடா... கண்ணா... பாப்போ... இருக்கேன்."

தூச்சோவின் கரண்டி பாதியில் நின்றது. ஃபோஸ்கா எழுந்து போய், ஒரு தட்டு நிறைய சூப்பை ஊற்றிக் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள்.