மாடிக் காற்றாடி

"என் பேர் மட்டும் வெளியில வரப்படாது, சார். பக்கத்துப் போர்ஷன்காரன். நாளைக்கும் மூஞ்சியில முழிக்கணும்."

டில்லி மின்சார அலுவலகத்தில் பட்டாபி குரலைத் தாழ்த்திச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பாலசுப்ரமணியமும் தமிழர் என்பதால் புகார் சொல்ல வசதியாக இருந்தது.

"கரண்ட் திருடறார்னு எப்படிச் சொல்றீங்க?"

"தினம் சாயந்தரம் கரண்ட் கட். கரோல் பாக்ல எங்க தெருவே கும்மிருட்டு. ராஜசேகரன் வீட்டுல மட்டும் ஜம்முனு பல்பு எரியறது. பின்னாடி ஆஸ்பத்திரி லைன் போறது. அதுக்குக் கட்டே கிடையாது. அதுலதான் கொக்கி போட்டிருக்கான். கேட்டா, மாடியில காத்தாடி வச்சிருக்கேன், அதுலேர்ந்து வருதுங்கறான். காத்துல கரண்டாம்! யார் காதுல பூ சுத்தறான்?"

"நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"எனக்குத் தந்தி ஆபீஸ்ல சாயந்தர டூட்டி. லீவு அன்னிக்குத்தான் பார்க்கறேன். எம் பொண்ணு விஜி, பாவம், மெழுகுவத்தி வெளிச்சத்துல படிக்கறா. அதுலயே கிளாஸ்ல ஃபர்ஸ்ட்! அடுத்தாத்துலேர்ந்து ஒரு கொத்து கறிவேப்பிலைகூட ஓசியில வாங்க மாட்டோம் சார் நாங்க. திருட்டு வெளிச்சம் யாருக்கு வேணும்?"

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு லைன்மேன்களுடன் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். 'பிஜ்லி சோர்', கரண்ட் திருடன், என்ற பேச்சு தெருமுனைவரை போய்விட்டது. ஆளாளுக்கு வாசலில் வந்து நின்றார்கள். ராஜசேகரனின் மனைவி பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சார், நான் சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்டாஃப். திருட்டுன்னு எழுதிட்டீங்கன்னா சஸ்பென்ட் பண்ணிருவாங்க. தயவுபண்ணி மேல வந்து பாருங்க" என்று கெஞ்சினார் ராஜசேகரன்.

பிறகு, கூட்டத்தில் ஒன்றும் தெரியாதவர்போல நின்ற பட்டாபியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டாபி சார், நீங்களாவது கூட வாங்க. இத்தனை பேர் பார்க்கறாங்க. எனக்கு வெட்கத்துல காலே நகர மாட்டேங்குது."

பட்டாபிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கையை உதறவும் முடியவில்லை. கூடவே படியேறினார். அவர் மனைவி வத்சலாவும் என்னவோ பதற்றத்துடன் பின்னாலேயே வந்தாள்.

மொட்டை மாடியில் அனல் காற்று அடித்தது. இரும்புக் கம்பத்தின் உச்சியில் மூன்று மரச் சிறகுகள் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. பழைய லாரி டைனமோ, கீழே ஒரு பாட்டரி.

இன்ஸ்பெக்டர் டைனமோவில் மீட்டரை வைத்தார். முள் துள்ளியது. பாட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். கீழே, சோதனைக்காகப் போட்டிருந்த ராஜசேகரன் வீட்டு பல்பு அணைந்தது. மாட்டினார்கள். எரிந்தது. லைன்மேன்கள் ஆஸ்பத்திரி லைனையும் பார்த்துவிட்டு, கொக்கி எதுவும் இல்லை என்று கையை விரித்தார்கள்.

"பிரமாதம்! காத்துலேர்ந்துதான் வருது. திருட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லும்போது பட்டாபியை ஒரு பார்வை பார்த்தார்.

ராஜசேகரன் சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டாபிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு நல்ல மனிதனைத் தெருவே கூடித் திருடன் என்று பார்க்கும்படி செய்துவிட்டோமே என்று கூசிப்போனார். பேராவது வெளியில் வரவில்லையே என்பதுதான் ஒரே ஆறுதல்.

"அது சரி, பாட்டரியிலேர்ந்து இன்னொரு வயர் போகுதே? அது எங்கே?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து மறைந்து போன வயரைத் தொடர்ந்து இன்ஸ்பெக்டர் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். அது ஒரு ஜன்னலுக்குள் இறங்கியிருந்தது.

"யார் வீட்டு ஜன்னல் இது?"

ராஜசேகரன் வத்சலாவைப் பார்த்தார்.

"நம்மாத்து ஜன்னல்தான்னா" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "விஜி மேஜைக்கு. ரெண்டு வருஷமா இந்த வெளிச்சத்துலதான் படிக்கறா. சொன்னா ஓசின்னு அறுத்துப் போட்டுடுவேள். அதான், நீங்க ஆத்துல இருக்கற அன்னிக்கு மட்டும் மெழுகுவத்தி."

பட்டாபி சுவரில் எட்டித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜசேகரன்தான் பரிவோடு பட்டாபியின் தோளைத் தொட்டார்.

"மாமியைத் திட்டாதீங்க சார். பாப்பா படிப்புக்குத்தானே! நல்லவேளை, புகார் குடுத்த புண்ணியவான் கண்ணுல இந்த வயர் படலை. பட்டிருந்தா உங்க பேரையும்ல சேர்த்து நாறடிச்சிருப்பான்!"