முப்பத்தேழு நிமிடம்

முப்பத்தேழு நிமிடம் ஆகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அவன் தோளில் கைவைத்து ஏதோ சொல்ல, அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொத்தனாருக்கு வயிறு எரிந்தது.

உள்ளே இருந்தவன் அவருடைய மச்சினன், வெல்டர். தோளில் கைவைத்தவர், வசதியில்லாதவர்களுக்காகக் கோர்ட்டில் காசு வாங்காமல் வாதாடும் வக்கீலம்மா. கிடங்கிலிருந்து கட்டடக் கம்பி திருடுபோன வழக்கில் கொத்தனார் பெயரும் இருந்தது, மச்சினன் பெயரும் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருவரையும் கூப்பிடுவார்கள்.

வக்கீலம்மா கொத்தனாரையும் காலையில் அதே அறைக்குள் கூப்பிட்டார்தான். உட்காரக்கூடச் சொல்லவில்லை. “உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கோர்ட் வாசலைத் தாண்டுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. போய் டீ குடிங்க” என்று அனுப்பிவிட்டார். ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

“பாத்தியாடி உன் தம்பி பவுசை?” என்று பக்கத்திலிருந்த மனைவியை இடித்தார். “எனக்கு நின்ன வாக்குல ஒரு வரி. தொரைக்கு நாற்காலி, ஃபேன் காத்து, குடிக்கத் தண்ணி பாட்டில்.”

“பயந்தவன்யா அவன். தைரியம் சொல்றாங்களோ என்னவோ.”

“சட்டையையும் அவனோடதைத்தான் ரெண்டு தடவை தேச்சுக் குடுத்த. நான் சுண்ணாம்புக் கறையோட வந்து நிக்கிறேன்.”

“உனக்கு எங்க போனாலும் இதே பாட்டுதான்” என்றாள் அவள் அலுப்போடு. “வேலை எடத்துல என்ஜினியர் உன் சுவரை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுவாரு. பக்கத்துச் சுவர் நேரா இருக்கான்னு தூக்குக்குண்டைப் பிடிச்சுக்கிட்டு அரை நாள் நிப்பாரு. அன்னிக்கும் வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ.”

அப்போது கதவு திறந்தது. மச்சினன் வெளியே வந்து, கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினான். “நீயே வச்சுக்கக்கா” என்றவன், மாமாவின் முகத்தைப் பார்க்காமல் மறுபடி உள்ளே போய்விட்டான்.

அந்தக் கடிகாரத்தை ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகக் கொத்தனார் கேட்டிருந்தார். ரிப்பேர் என்று சொல்லிவிட்டான். இப்போது முள் நன்றாகத்தான் ஓடியது. மனைவி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சினன் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. வக்கீலம்மாவின் குரல் கேட்டது. “தம்பி, ராத்திரி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுவீங்களா? டாக்டர் சீட்டை மறக்காம கையில வச்சுக்கணும்.”

கொத்தனாரின் முழங்கால் நாலு மாதமாக வீங்கிக் கிடக்கிறது. என்ன ஏதென்று கேட்க ஆளில்லை. அவர் எழுந்தார்.

எதிர் பெஞ்சில், புகார் கொடுத்த கிடங்கு மேலாளரும் அரசு வக்கீலும் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி அவர்களைக் கண்ணால் காட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “யோவ், உக்காரு. பேசாதன்னு சொன்னாங்கல்ல.”

“விடுடி. பேசாம பேசாமதான் இப்படி ஏமாளியா நிக்கிறேன்.”

கதவைத் தள்ளித் திறந்தார். “ஏம்மா, அவனையே நோண்டி நோண்டிக் கேக்கறீங்களே, அவனுக்கு என்ன தெரியும்? பூட்டை அறுத்துட்டு வெடவெடன்னு நின்னவன் அவன். வண்டி பிடிச்சாந்தது யாரு? பதினெட்டுக் கட்டுக் கம்பியைத் தனி ஆளா தோள்ல தூக்கி ஏத்தினது யாரு? இந்தா, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேனே, நான்! கேக்கணும்னா என்னைக் கேளுங்க!”

வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. மேலாளர் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். அரசு வக்கீல் அவசரமே இல்லாமல் பேனா மூடியைக் கழற்றினார். “பதினெட்டுன்னுதானே சொன்னாரு? நீங்களும் கேட்டீங்கல்ல?” என்று மேலாளரிடம் உறுதி செய்துகொண்டு எழுதத் தொடங்கினார்.

மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஏன் மாமா? ஏன் மாமா இப்படி?”

“நான் பேசினா உனக்குக் கசக்குதாக்கும்?”

வக்கீலம்மா கையிலிருந்த தாளை மடித்து வைத்தார். பிறகு மூலையில் கிடந்த நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். “வாங்க. உக்காருங்க.”

கொத்தனாருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. வெளியே நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மச்சினனுக்குச் சமமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் காலை அகட்டி உட்கார்ந்தார். ஃபேன் காற்று சுகமாக இருந்தது. வக்கீலம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

“இப்பத்தாம்மா நியாயம்” என்றார் கொத்தனார். “இவனுக்குச் சொன்னதை ஒண்ணு விடாம எனக்கும் சொல்லணும்.”

“சொல்றேன்” என்றார் வக்கீலம்மா. “கேமராவுல உங்க மச்சினன் முகம் மட்டும்தான் விழுந்திருந்துச்சு. உங்க மேல ஒரு சாட்சியும் இல்ல, இன்னிக்கு உங்களை விட்டிருப்பாங்க. அவருக்கு, ஜெயில்ல எப்படி நாளைக் கழிக்கணும்னு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன்.”