சம்பந்தி லைன்ல இருக்காக

"நான் சொன்னத அப்பிடியே சொல்லு தாயி. ஒரு வார்த்தை கூட்டாத, கொறைக்காத."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த எஸ்தர் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

ஹாலில் அவருடைய தம்பி மனைவி ஞானசெல்வி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு மருமகள் மரிசெல். எதிரே தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில், பிலிப்பைன்ஸிலிருந்து மரிசெலின் அம்மா.

மரிசெல் பெருமூச்சு விட்டாள். வாசலை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, தன் மொழியில் எதையோ ஒப்பித்தாள்.

எஸ்தர் டீச்சர் தேனியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். வாக்கியத்தின் முதல் சொல்லைக் கேட்டாலே கடைசிச் சொல்லைத் திருத்திவிடுவார். இதையும் அப்படித்தான் புரிந்துகொண்டார். தோஹாவில் வேலை பார்க்கும் தம்பி மகன் அமல்ராஜ், கூட வேலை பார்த்த நர்ஸைக் கட்டி, பிரசவத்துக்காகக் கம்பத்தில் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறான். அந்தப் பெண் பெற்றவளிடம் பேசுவதற்கும் மாமியார் காவல்!

"ஏ செல்வி, இங்கன வா."

"வாங்க மதினி. ஒரு அஞ்சு நிமிஷம். சம்பந்தி லைன்ல இருக்காக."

"நீ அடுப்படிக்கு வா."

அடுப்படியில் டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய தாழ்ந்த குரல் கடைசி பெஞ்சு வரைக்கும்தான் கேட்கும்.

"அந்தப் பிள்ளைகிட்ட போன் இல்லையா? எதுக்கு உன் போன்ல பேசுது?"

"இது என் போன்லதான் பேசணும் மதினி."

"ரூமுக்குள்ள போயிப் பேசினா ஆகாதோ?"

"அவ எந்திரிச்சுப் போயிட்டா, அப்புறம் நான் என்ன செய்ய?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏத்தா, அந்தக் காலத்துல வெளிநாட்டுக்குப் பேசணும்னா பூத்துல வரிசையில நின்னு, மீட்டரப் பார்த்துக்கிட்டே பேசுனோம். பாதி சேதிய முழுங்கிட்டுத்தான் வெளிய வருவோம். இப்ப அது ஓசியாக் கெடக்கு. மனசு விட்டுப் பேசலாம்னு பார்த்தா, மீட்டர் மாதிரி நீ எதுக்க உக்காந்திருக்க!"

ஞானசெல்வி சிரித்துவிட்டாள். அது தப்பாகப் போயிற்று.

"சிரிக்கிறியா? என் மருமக கதவச் சாத்திக்கிட்டு அவ அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசுவா. நான் ஏன்னு கேட்டதில்ல. இப்பவே அமல்ராஜுக்கு அடிக்கிறேன். பிரசவம் அந்தப் பிள்ளையோட அம்மா வீட்டுலயே நடக்கட்டும்."

ஞானசெல்வியின் முகம் வெளுத்தது.

"ஐயோ மதினி, அப்பிடிச் சொல்லிப்புடாதீக. அவன் உங்க பேச்சத் தட்ட மாட்டான், பிளேன்ல ஏத்தி விட்ருவான். அவுக இருக்கிறது சின்னத் தீவு. ஆஸ்பத்திரிக்குப் படகுலதான் போகணும்."

டீச்சர் தன் போனை எடுத்தார். அப்போதுதான் ஹாலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பலாயே! பலாயே!"

"கேட்டியா? 'பாழாப் போ'ங்குது! தமிழே தெரியாத பொம்பள, உன்னைத் திட்டுறதுக்குன்னே கத்துக்கிட்டிருக்கு!"

ஹாலுக்கு விரைந்த டீச்சர், மரிசெலின் தலையைத் தடவினார். "உன் அம்மாவிடம் தனியாகப் பேச விடமாட்டேன் என்கிறார்களா? பயப்படாமல் சொல்" என்று இலக்கணப் பிழையில்லாத இங்கிலீஷில் கேட்டார்.

மரிசெல் கம்பத்துத் தமிழில் பதில் சொன்னாள்.

"இல்ல டீச்சரம்மா. எங்கம்மாட்ட காலையிலயே என் போன்ல பேசிட்டேன். இது அத்தையோட கால். மாத்தி மாத்திச் சொல்றதுக்கு என்னை உக்கார வச்சிருக்காக. ரெண்டு பேரும் எந்திரிக்கவே விட மாட்டேங்கிறாக. டாக்டர் என்னை நடக்கச் சொல்லிருக்காக."

"அப்ப அந்தப் பாழாயே?"

"பலாயே. எங்க ஊர்ல சம்பந்திய அப்பிடித்தான் கூப்பிடுவாக. அத்தை எந்திரிச்சு வந்துட்டாகல்ல, அதான் தேடுறாக. இங்கிலீஷ்ல இதுக்கு என்ன சொல்வாக டீச்சரம்மா?"

டீச்சர் யோசித்தார். 'மகன் மனைவியின் தாய்' என்று சுற்றி வளைக்கத்தான் வந்ததே தவிர, ஒற்றைச் சொல்லாக ஒன்றும் அகப்படவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

ஞானசெல்வி மறுபடியும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மகள என்னை நம்பி விட்டிருக்காக மதினி. நான் எப்பிடிப்பட்டவள்னு அவ சொல்லியா தெரியணும்? அவுகளே பார்த்துக்கிடட்டும்னுதான் தினமும் நாலு மணிக்கு நானே கூப்பிட்டுப் பேசுறேன். லூர்தம்மான்னு பேரு. எந்த முழங்கால்ல வலி, எந்தக் கோழி அடை படுத்திருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும்."

சொல்லும்போது, பள்ளியிலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் அவளுக்கு.

போனிலிருந்து லூர்தம்மா, டீச்சரைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பாக ஏதோ கேட்டார்.

"உங்களுக்கும் பலாயே இருக்காகளான்னு கேக்குறாக" என்றாள் மரிசெல்.

"இல்லாம என்ன? இந்தா, தேனிக்குப் பக்கத்துல ஆண்டிபட்டியில இருக்காக."

லூர்தம்மா விடவில்லை.

"அவுக பேரு என்னன்னு கேக்குறாக."

டீச்சர் அமல்ராஜைக் கூப்பிட எடுத்த போனில் அவசர அவசரமாகத் தேடினார்.

மருமகளின் அம்மாவுடைய நம்பர் இருந்தது.

'ஆண்டிபட்டி' என்று பதிந்து வைத்திருந்தார்.