சந்துத் தூதுவளை

"இது வீடா, முள்ளுக் காடா?"

வஹீதா துப்பட்டாவை விடுவிக்க விடுவிக்க, இன்னொரு முள் வந்து பிடித்தது. ஈதுக்கு எடுத்த புதுத் துப்பட்டா. வெடுக்கென்று இழுத்தாள். பர்ரென்று கிழிந்தது.

வீட்டுக்குப் பின்னால் சந்து முழுக்கத் தூதுவளை. வீட்டுக்காரம்மா மீனாம்பாள் போன கார்த்திகையில் எங்கிருந்தோ நாலு குச்சி ஒடித்து வந்து நட்டது. கொம்பு கட்டி ஏற்றிவிடாமல் தரையோடு தரையாகப் படரவிட்டிருந்தாள். குழாயடித் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். கேட்க வேண்டுமா? ஆம்பூர் வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, இது மட்டும் பச்சைப் பசேலென்று மண் தெரியாமல் மூடிவிட்டது. தண்டில் முள், காம்பில் முள், இலையிலும் முள்.

ஷூ கம்பெனியிலிருந்து தைக்க வரும் அப்பர் எனும் மேல்தோல் மூட்டைகளை வஹீதா அந்தச் சந்து வழியாகத்தான் கொண்டுவருவாள். இப்போது தெருவைச் சுற்ற வேண்டும். அவசரத்துக்குக் குறுக்கே வந்தால் இந்த கதி.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் லுப்னா சிரித்தாள். "விடு அம்மி. போன வாரம் என் சளிக்கு ரசம் வச்சியே, இந்த இலைதானே?"

"ரசத்துக்கு ஒரு கைப்பிடி போதும். அதுக்குச் சந்து பூராவுமா வேணும்?"

மகளைக் கம்பெனி வேன் ஏற்றிவிட்ட கையோடு, கிழிந்த துப்பட்டாவுடன் மீனாம்பாள் வீட்டுக்குப் போனாள்.

மீனாம்பாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாம்மா? இன்னா நியாயம் இது? வாடகை குடுத்துக்கினு முள்ளுல நடக்கணுமா?"

"நல்ல கீரைம்மா. நெஞ்சு சளிக்கு அது மாதிரி கெடையாது."

"கீரை வியாபாரம் பண்றீங்களா?"

"யாருக்கு வித்தேன்? மூணு வீட்டுக்கும் சும்மாத்தானே பறிச்சுக் குடுக்கறேன்."

"அப்போ ரெண்டு தொட்டியில வச்சிக்குங்க. நாளைக்கு ஆள வச்சு வெட்டிடுறேன். என் மூட்டைக்கு வழி வேணும்."

பூண்டு உரித்த கை நின்றது. மீனாம்பாள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "உள்ள வா" என்றாள். கதவைச் சாத்தினாள்.

"கார்த்திகை மாசத்துல ஒருத்தன் அந்தச் சந்துல வந்து நின்னான். லுப்னா கம்பெனி விட்டு வந்து துணி மாத்துற நேரம் பாத்து. கையில போனு."

வஹீதா மீனாம்பாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"படம்... படம் எடுத்துட்டானா?"

"எடுக்க உட்டேனா? உங்க ரூம் ஜன்னலண்ட போனைத் தூக்கும்போதே பாத்துட்டேன். வெறகுக் கட்டையோட ஓடினேன். போனு சாக்கடையில விழுந்துச்சு, எடுக்காமலே ஓடிட்டான். ஆனா மறுபடியும் அந்தப் பக்கம் சுத்த ஆரம்பிச்சான். அதான் முள்ளா பாத்து நட்டேன். அது படர்ற வரைக்கும் தெனம் சாயங்காலம் அங்கேயே முறத்தைப் போட்டுக்கினு உக்காந்திருந்தேன். தை பொறந்தப்புறம் ஆளைக் காணோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்பே?"

மீனாம்பாளே மேலே சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர் காதுக்குப் போவும். தெருவுல உன் பொண்ணைத்தான் பேசுவாங்க. தப்பு பண்ணவன் ஜாலியா ஊரைச் சுத்துவான். அவ வேலையை உட்டுட்டு வீட்டுல உக்காரணுமா? இப்பத்தான் லைன் சூப்பர்வைசர் ஆயிருக்கா. எவ்ளோ சந்தோஷமா போய்ட்டு வர்றா!"

வஹீதா யோசித்துப் பார்த்தாள். புருஷன் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. மறுநாள் காலையிலேயே அவளே மகளை வேன் ஏறவிடாமல் நிறுத்தியிருப்பாள்.

"லுப்னாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கே சொல்லியிருக்க மாட்டேன். வெட்டிடுறேன்னு நின்னியே, அதான்."

வஹீதா மீனாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூண்டு வாசம் அடித்த அந்தக் கையை விட மனசு வரவில்லை.

மத்தியானம் கேஸ் சிலிண்டர் போட வந்த கோபி, தெருவைச் சுற்றச் சோம்பல்பட்டுச் சந்துக்குள் நுழைந்தான். நாலு அடிகூட வைக்கவில்லை. பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"யார்மா இங்க இதைப் போய் நட்டது? பேஜாரா கீது! மனுஷன் நடக்க வாணாமா? அறிவு இல்ல?"

பின்வாசலில் உட்கார்ந்திருந்த மீனாம்பாள் பதில் சொல்ல எழுந்தாள்.

அதற்குள் சந்தின் மறு முனையிலிருந்து குரல் வந்தது. வஹீதா. இடுப்பில் தண்ணீர்க் குடம்.

"நான்தான் நட்டேன். இன்னா இப்போ? தெருப் பக்கமா சுத்தி வாப்பா!"