‘தங்கச்சி’ என்ற ஃபைல்

“ஏன் சார், இதையெல்லாம் புரியற மாதிரி எழுதினா என்ன?”

“புரியற மாரி எழுதினா எவம்மா கையெழுத்து போடுவான்? பேசாம அடி.”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தேவப்பிரியம் கேட்டதும், பத்திர எழுத்தர் அருள்நாதன் சொன்னதும் அவ்வளவுதான். பதினோரு வருடம் ஆகிறது. அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இன்று அதே அறையில், தன் கம்ப்யூட்டருக்கு எதிர்ப்பக்கம், பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அண்ணன் சாலமோன். அவர் மடியில் ராயபுரம் வீட்டின் மூலப்பத்திரம்.

அப்பா போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி. தன் பாதியை அவள் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் மேஜைமேல் இருந்தது. மூன்றரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கன்.

“இந்தம்மாவையே அடிக்கச் சொன்னா நல்லாருக்காதுன்னு நானே அடிச்சுட்டேன் அண்ணாச்சி” என்றார் அருள்நாதன்.

எப்படி அடித்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ‘தங்கச்சி’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பெயர், வயது, நாலு எல்லை, தேதி. இதை மாற்றினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஃபைலில் முந்நூறு தங்கச்சிகளுக்காவது அவள் அடித்திருப்பாள்.

போன மாதம் கௌசர் என்று ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்: “இதுல இன்னாக்கா எழுதிக்கீது?”

“வழக்கமா எழுதறதுதாம்மா” என்றாள் தேவப்பிரியம்.

கௌசர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

“என்னட்டி யோசிக்க? எல்லாம் வழக்கமா எழுதுறதுதான்” என்றார் அண்ணன்.

அவர் அதை மூன்று தடவை படித்துவிட்டார். அடிக்கணக்கை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். சர்வே நம்பரில் ஒரு தப்புகூடக் கண்டுபிடித்துத் திருத்தினார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கம் போட்டாள். இரண்டாம் பக்கம் போட்டாள்.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

எத்தனையோ பேருக்கு விரல் தானாக ஓடி அடித்த வரிதான் அது.

“அண்ணே, இந்த இடத்த மட்டும் சத்தமாப் படிங்க.”

சாலமோன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “‘எனக்குத் தாங்கள் சீர்வரிசைகள் யாவும் குறைவறச் செய்து, தகுந்த இடத்தில் மணமுடித்துக் கொடுத்துவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்கு இனி யாதொரு பாத்தியமும் இல்லை.’ சரியாத்தான இருக்கு?”

“மாப்பிள்ளை யாருண்ணே?”



“அய்யோ, பேஜாரா பூட்ச்சே!” அருள்நாதன் எழுந்தே விட்டார். “பழசுலர்ந்து அப்டியே வந்துட்ச்சும்மா. ரெண்டு நிமிசம், எடுத்துர்றேன்.”

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த ஃபைலில் யாருக்கும் வரக்கூடிய பிழை.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. பெண் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூன்று தடவையும் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: “அப்பாவ யாரு பாத்துக்குவா?” கடைசியாக வந்த திருவொற்றியூர் ஜோ, இரண்டு வருடம் காத்திருந்துவிட்டுப் போனான்.

அந்த மூன்று பேரையும் வாசலோடு அனுப்பிவைத்தவர்தான் இந்த வரியை மூன்று தடவை படித்திருக்கிறார். சர்வே நம்பரில் தப்பு தெரிந்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துப் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து அடித்தாள். முதல்முறையாக, எந்த ஃபைலையும் பார்க்காமல்.

பிரின்டர் துப்பிய காகிதம் இன்னும் சூடாக இருந்தது. அண்ணன் முன்னால் வைத்தாள்.

‘நான் தேவப்பிரியம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினாறு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். இந்த வீட்டில் பாதி என்னுடையது. அண்ணன் கேட்டதால், ஒன்றும் வாங்காமல் அதை அவருக்குக் கொடுக்கிறேன். இனி நான் அந்த வீட்டில் இருக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.’

“அதே விஷயந்தாண்ணே. இது சரின்னா சொல்லுங்க, இதுல போடுறேன்.”

அவர் படித்தார். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. விரலும் வைக்கவில்லை.

“இப்படியெல்லாமா எழுதுவாக? நாலு பேரு படிச்சா என்ன நெனப்பாவ?”

முந்நூறு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு சொல்லை மட்டும் ஒருத்தி வாயிலிருந்தும் அந்த அறையில் அவள் கேட்டதில்லை. அப்பாவின் படுக்கை விரிப்பைத் துவைக்கும்போதெல்லாம், தண்ணீர்ச் சத்தத்தில் தனக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொல்லிப் பார்த்தது அது.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

“என் பாதி எனக்கு வேணும்ணே.”